மர உச்சியில் காத்திருங்கள்!

மேகம் தவழும் மாண்டெவெர்டே காட்டில், மர உச்சிகளுக்கு நடுவே கம்பியில் தொங்கிப் பறக்கலாம். கோஸ்டாரிகா காடுகளில் 1970-களில் விஞ்ஞானிகள் உச்சியை ஆராயக் கயிறு கட்டி ஏறினார்கள்; 1990-களில் சுற்றுலாப் பயணிகளுக்கும் ஜிப்லைன் வந்தது.

ஒவ்வொரு மேடையிலும் வழிகாட்டி நிற்பார். ஹெல்மெட், இடுப்புப் பட்டையைச் சரிபார்ப்பார். கொக்கியை அவர்தான் மாட்டுவார், அவர்தான் கழற்றுவார். பயணி தொடக் கூடாது.

பறக்கும்போது காடு பச்சைக் கோடாக ஓடிவிடும். பின்னால் வருபவருக்காக மேடையில் காத்திருக்கும்போதுதான் கிளையெங்கும் பாசியும் ஆர்க்கிட்டும் கண்ணில் படும். இங்குள்ள 400-க்கும் மேற்பட்ட ஆர்க்கிட் வகைகளில் பெரும்பாலானவை மண்ணைத் தொடாமல் மரத்திலேயே வாழ்பவை. அந்த ஐந்து நிமிடத்தையும் மொபைலுக்குக் கொடுத்துவிட்டால், கம்பியில் தொங்கியதுதான் மிச்சம்!