கந்தகக் குடையும் பருவமழையும்: மத்தியப் புவி அறிவியல் அமைச்சருக்குத் திறந்த மடல்



1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது, சுமார் 2 கோடி டன் கந்தக டைஆக்சைடு வானின் அடுக்கு மண்டலத்துக்கு ஏறியது. அது நுண்ணிய அமிலத் துளிகளாகி உலகெங்கும் படர்ந்து, வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பியது. புவியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் இறங்கியது. எரிமலையின் வேலையை விமானங்களைக் கொண்டு ஆண்டுதோறும் செய்வதுதான், புவியின் தட்பவெப்பத்தைச் செயற்கையாக மாற்ற முனையும் புவிப்பொறியியலில் இன்று அதிகம் பேசப்படும் திட்டம்.

குளிர்ந்தது மட்டுமல்ல. 1992இல் உலக நிலப்பரப்பில் பெய்த மழையும் ஆறுகள் கடலில் சேர்த்த நீரும் குறைந்தன. காரணம் எளிது. கோடையில் கடலைவிட நிலம் வேகமாகச் சூடேறுவதால்தான் ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. வெயிலை மறைத்தால் முதலில் குளிர்வது நிலமே, இழுவையும் தளரும். குடகில் மழை பிந்தினால் மேட்டூர் மதகு திறப்பதும் பிந்தும் ஒரு நாட்டுக்கு இது ஏட்டுக் கணக்கல்ல. எங்கே தூவுகிறார்கள் என்பதும் முக்கியம்: வட அரைக்கோளத்தில் மட்டும் தூவினால் ஆப்பிரிக்காவின் சாஹெல் பகுதி வறளும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. துளிகள் ஓரிரு ஆண்டில் படிந்துவிடும். தூவலைத் திடீரென நிறுத்தினால் அடக்கி வைத்த வெப்பம் சில ஆண்டுகளிலேயே திரும்பும். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு குறையாததால், கடல்நீர் அமிலமாவது அப்படியே தொடரும்.

இத்தகைய தூவலுக்குக் கடிவாளம் இல்லை. 2022இல் ஒரு அமெரிக்க நிறுவனம் மெக்சிகோவில் யாரையும் கேட்காமல் கந்தகம் அடைத்த பலூன்களைப் பறக்கவிட்டது. மெக்சிகோ அரசு தடையை அறிவித்தது அதன் பிறகே. 2024இல் நைரோபியில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில் நிபுணர் குழு அமைக்கக் கோரிய சுவிட்சர்லாந்தின் தீர்மானம்கூட ஒருமித்த கருத்தின்றித் திரும்பப் பெறப்பட்டது.

புவிப்பொறியியலில் இந்தியாவுக்குச் சொந்த அனுபவமும் உண்டு. 2009இல் ஜெர்மனியுடன் சேர்ந்து தென்பெருங்கடலில், பாசி வளர்த்துக் கார்பனை ஆழத்துக்கு இறக்க முடியுமா என்று பார்க்க, இரும்பு சல்பேட் கரைத்த லோஹாஃபெக்ஸ் சோதனையில் பாசி தழைத்தது. ஆனால் சிறு கணுக்காலிகள் அதை மேய்ந்துவிட, ஆழத்துக்கு இறங்கிய கார்பன் சொற்பமே. அந்த முடிவு ஒளிக்கப்படவில்லை என்பதே அதன் பெருமை.

பருவமழையை நம்பும் நாடுகளின் சம்மதமின்றி எவரும் வானில் கந்தகம் தூவக்கூடாது என்ற நிலைப்பாட்டை அமைச்சகம் எழுத்தில் வகுத்து, நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.