வன்னி மண்டபங்களுக்கு எந்த மென்பொருள்?

2009இல் போர் முடிந்தபின் ஏ-9 வீதியின் இருமருங்கிலும் எழுந்த கட்டடங்களில் கல்யாண மண்டபங்களும் தங்கு விடுதிகளும் கண்ணில் படுபவை. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என எங்கும் இத்தொழில் வேரூன்றிவிட்டது. தந்தையர் கொப்பியிலும் நாட்காட்டியிலும் குறித்து நடத்திய மண்டபங்களைப் பொறுப்பேற்கும் பிள்ளைகள் இப்போது 'வாடிக்கையாளர் முகாமைத்துவ மென்பொருள்' ஒன்றை வாங்கலாமா என்று விசாரிக்கிறார்கள். வாங்கலாம். ஆனால் விற்பவர் காட்டும் அளவுகோலால் அதனை அளக்கக்கூடாது என்பதே என் கருத்து.

இம்மென்பொருள்களில் இரு வகை உண்டு. 1999இல் தொடங்கிய சேல்ஸ்போர்ஸ், சென்னையில் வளர்ந்து தென்காசி வரை வேர்விட்ட சோஹோ நிறுவனத்தின் சி.ஆர்.எம். போன்றவை பொதுவானவை. விற்பனைப் பிரதிநிதி யாரைச் சந்தித்தார், எப்போது மீண்டும் பேச வேண்டும் என்பதைக் குறிக்கப் பிறந்தவை அவை. அமெரிக்காவின் டிரிபிள்சீட் போன்றவை மண்டபங்களுக்கும் உணவகங்களுக்குமென்றே ஆக்கப்பட்டவை. முதல் வகைக்கு அச்சாணி ஆள். இரண்டாம் வகைக்கு அச்சாணி நாள். மண்டபக்காரர் விற்பது நாளை. ஒரு முகூர்த்தத்தை இரு குடும்பங்களுக்கு விற்க முடியாது.

ஆவணி மாதத்தை எண்ணிப் பாருங்கள். ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வருகிறது. புலம்பெயர்ந்த உறவுகள் ஊருக்கு வருவதும் அப்போதுதான். ஆனால் ஓகஸ்ட் நடுப்பகுதி வரை ஆடி மாதம். திருமணம் வைக்க மாட்டார்கள். ஆவணி பிறந்து, வந்தவர்கள் விமானம் ஏறுவதற்கு இடைப்பட்ட இரண்டு வாரங்களுக்குள் எல்லோரும் மண்டபம் கேட்கிறார்கள். ஆகவே முதற் பரீட்சை இதுவாக இருக்கட்டும்: இரு ஊழியர்கள் இரு கையடக்கத் தொலைபேசிகளில் ஒரே நாளை ஒரே நேரத்தில் பதிவு செய்யட்டும். இரண்டாமவரை மென்பொருள் தடுக்கிறதா? முற்பணம் தராமல் 'பிடித்து வைத்த' நாள் குறித்த தவணைக்குப்பின் தானே விடுபடுகிறதா? இல்லையெனில் வேறு வசதிகளைப் பார்க்கவே வேண்டாம்.

இரண்டாம் பரீட்சை பெயர். மேலைநாட்டு மென்பொருள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்களை வைத்து, இரண்டையும் நிரப்பச் சொல்லும். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்தே உண்டு. அதனினும் பெரிய சிக்கல், நம்மிடம் வாடிக்கையாளர் ஒருவரல்லர் என்பது. நாள் பார்ப்பவர் கிளிநொச்சியில் இருக்கும் மாமா. பணம் அனுப்புபவர் இலண்டனில் உள்ள அண்ணன். சாப்பாட்டை முடிவு செய்பவர் பெண்ணின் தாய். இம்மூவரையும் ஒரே நிகழ்வின் கீழ் வைத்து, யார் எவ்வளவு தந்தார், இரசீது யாருக்குப் போகவேண்டும் என்று காட்டவல்லதே நமக்குப் பயன்படும். தமிழில் எழுதிய பெயரைத் தமிழிலேயே தேடி எடுக்கவும் முடியவேண்டும். பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் திரையில் தெரிவது வெறும் குப்பை.

மூன்றாவது, பணமும் பாதுகாப்பும். பெரும்பாலான வெளிநாட்டு மென்பொருள்களுக்கு மாதச் சந்தா டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐ எட்டியது. சந்தா கட்ட இயலாத மாதத்தில் பதிவுகள் பூட்டப்பட்டால், வரவிருக்கும் கல்யாணங்களின் முற்பணக் கணக்கு யார் கையில்? எல்லாப் பதிவுகளையும் சாதாரணக் கோப்பாக இறக்கி எடுக்கும் வழியை வாங்கும் முன்பே செய்துகாட்டச் சொல்லுங்கள். அவ்வாண்டின் நீண்ட மின்வெட்டுகளை மறவாதவர்கள், வரும் மாதத்துக்கான பதிவுகளை வாரந்தோறும் அச்சிட்டும் வைத்துக்கொள்வார்கள்.

இனி, எந்த விளம்பரத்திலும் இராத ஒன்றைச் சொல்ல வேண்டும். இம்மென்பொருள்கள் தகவல் திரட்டுவதற்கும், திரட்டியதைக் கொண்டு தாமாகச் செய்தி அனுப்புவதற்கும் பழக்கப்பட்டவை. வன்னியில் 'பதிவு' என்ற சொல்லுக்கு வேறொரு நினைவும் உண்டு. 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தார்கள். பெயரும் உறவுமுறையும் பிள்ளைகளின் விபரமும் திரும்பத் திரும்ப எழுதப்பட்ட மக்கள் இவர்கள். விடுதியில் இரவு தங்குபவரிடம் அடையாள அட்டை கேட்பது வேறு. மகளின் சாமத்தியவீட்டுக்கு மண்டபம் கேட்டுவரும் தாயிடம் குடும்ப விபரம் முழுவதையும் கேட்பது வேறு. படிவத்தில் கட்டம் இருக்கிறது என்பது கேட்பதற்குக் காரணமாகாது.

தானியங்கி வாழ்த்து இதனினும் கொடியது. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20இல் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அத்தகைய குடும்பத்துப் பெண்ணொருத்தி எப்போதோ மண்டபம் எடுத்தபோது தன் திருமண நாளைப் படிவத்தில் எழுதியிருப்பாள். ஆண்டுதோறும் 'தம்பதியருக்கு இனிய வாழ்த்து' என்று அவள் தொலைபேசி ஒலித்தால் எப்படியிருக்கும்? அந்தியேட்டி மதிய உணவுக்கு மண்டபம் எடுத்தவருக்கு அடுத்த ஆண்டு அதே நாளில் 'மீண்டும் வருக, கழிவு உண்டு' என்று செய்தி போனால்? மே 18 அன்று முல்லைத்தீவில் கொண்டாட்டச் சலுகை விளம்பரம் வந்தால்? கணினிக்கு நாள் என்பது வெறும் எண். எந்த நாள் எப்படிப்பட்ட நாள் என்பது மண்டபக்காரருக்குத் தெரியும். எனவே தானியங்கிச் செய்திகளை முற்றாக நிறுத்தி வைக்க இடம்தரும் மென்பொருளையே வாங்குங்கள். பழைய விபரங்களை நிரந்தரமாக அழிக்கும் வசதியும் வேண்டும்.

செய்தி அனுப்பாவிட்டால் வியாபாரம் பெருகாது என்பார்கள். பெருநகரில் அது உண்மையாக இருக்கலாம். வன்னியில் ஒரு மண்டபத்துக்கு ஆள் சேர்ப்பது, அங்கே சாப்பிட்டு எழுந்தவரின் வாய்ச்சொல். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தேவைக்கு மிஞ்சித் தகவல் பெறுவதையும் சம்மதமின்றி விளம்பரச் செய்தி அனுப்புவதையும் ஏற்பதில்லை. சட்டம் வருமுன்பே நம் பெரியவர்கள் கடைப்பிடித்த மரியாதைதான் இது.

மாதத்துக்கு நாலைந்து நிகழ்வுகள் மட்டும் நடக்கும் மண்டபத்துக்கு ஒரு நல்ல கொப்பியும் பகிர்ந்து பார்க்கும் இலவச நாட்காட்டியும் போதும். இரண்டு மண்டபங்களும் விடுதி அறைகளும் சேர்ந்தே நடத்துபவர் மென்பொருள் வாங்கட்டும். வாங்குமுன் ஒரு மாதம் பழைய கொப்பியையும் புதிய மென்பொருளையும் அருகருகே வைத்து நடத்திப் பார்க்கட்டும். மாத முடிவில் இரண்டின் கணக்கும் ஒத்துவந்தால் மட்டுமே சந்தாவைக் கட்டட்டும்.