காந்தப் பட்டையும் பொருந்தாத எலும்பும்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்த குடும்பங்களிற் பல, இன்னும் கற்பிட்டியின் வெங்காய, மிளகாய்த் தோட்டங்களிற் கூலிக்கு இறங்குகின்றன. சொந்த வயலை உழுதவர்கள் இவர்கள். உழைப்பவரின் கால் முறிந்தால் வீட்டில் அடுப்பெரியாது. எனவேதான், கட்டினால் எலும்பு பொருந்தும் என்று காந்தப் பட்டை விற்க வருபவருக்கு வாசல் திறக்கிறது. காதுத் தோட்டை அடகுவைத்து வாங்கியவர்களை நாம் அறிவோம்.

இவ்வியாபாரத்தின் அடியில் ஓர் உண்மை கிடக்கிறது. அதனாற்றான் அது விலைபோகிறது. எலும்பை அழுத்தினால் அதில் மிகச்சிறு மின்சாரம் தோன்றுவதை 1957இல் யப்பானியரான புக்காடாவும் யசுதாவும் எடுத்துக்காட்டினர். பின்னர் நியூயோர்க்கில் பஸற் என்னும் வைத்தியர், முறிவின்மேல் கம்பிச்சுருளை வைத்து மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாகச் செலுத்தினார். காந்தப்புலம் ஏறி இறங்கும்போது உடலினுள்ளே நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. எலும்பை ஆக்கும் கலங்கள் இதனாற் பெருகுவதும் முதிர்வதும் ஆய்வுகூடங்களிற் காணப்பட்டுள்ளன. துடிப்பின் வேகமும் பலமும் மாறினால் பலனும் மாறுகிறது. சிலவேளை ஒன்றுமே நடப்பதில்லை. பொருந்தாத முறிவுகளுக்கு இச்சிகிச்சையை அமெரிக்கா 1979இல் அனுமதித்தது. ஆனால், 2011இல் கொக்ரேன் ஆய்வாளர் சான்றுகளைத் தேடியபோது ஏற்கத்தக்க பரிசோதனைகள் நான்கே கிடைத்தன. நோயாளர் மொத்தம் 125 பேர். பயன் இருக்கலாம், உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றே அவர்கள் எழுதினர்.

பட்டையிலுள்ள காந்தத்தின் புலமோ ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. ஓடாத நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றடியில் வைத்துவிட்டுத் தோட்டம் நனையுமென்று காத்திருப்பவர் நம்மில் யார்?

எலும்பு பொருந்தாமைக்குரிய காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை: முறிவு அசைதல், கிருமி பிடித்தல், இரத்தோட்டக் குறைவு, நீரிழிவு, புகைத்தல். (சுருட்டை விடச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.) பிளாஸ்டரை நாளுக்கு முன்னரே வெட்டியெறிந்துவிட்டு மண்வெட்டி பிடிப்பவரை நாம் கடிந்துகொள்கிறோம். அன்றைய கூலி இல்லாமல் அவர் எதைச் சாப்பிடுவார் என்று கேட்பதில்லை.

அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசம். பஸ் கட்டணமும் இழந்த கூலியும் இலவசமல்ல. உதவி நிறுவனங்கள், எமது திருச்சபை நிறுவனங்கள் உட்பட, முறிவு ஆறும்வரை அக்குடும்பத்தின் உலர் உணவையும் கிளினிக் போய்வரும் செலவையும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே எமது கருத்து. இதை எமது கூட்டங்களிலும் கேட்போம்; நீங்களும் உங்கள் கிராமச் சங்கங்களூடாகக் கேளுங்கள். அதுவரை எக்ஸ்ரே படத்தையும் கிளினிக் கொப்பியையும் பத்திரப்படுத்துங்கள். மூன்று மாதமாகியும் முறிந்த இடத்தில் நோவோ அசைவோ இருந்தால், அவற்றை எடுத்துக்கொண்டு எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் செல்லுங்கள்.