கருணை கூர்ந்து என்னும் இரு சொற்கள்

சென்ற மாதம் பிரியாவிடை வைபவம் ஒன்றுக்குப் போயிருந்தோம். ஒலிபெருக்கியும் வாழ்த்துமடலும் இல்லாத எளிய வைபவம் அது. பொதுப்பணிச் சங்கமொன்றின் ஊழியராய், சிறிய அறையொன்றில் மேசையிட்டு அமர்ந்து, அரசாங்க உதவிப் பணம், ஓய்வூதியம், சேமலாப நிதி ஆகியவற்றில் எவருக்கு எது உரியது, அதை எவ்வாறு பெறலாம் என்று நாற்பது ஆண்டுகளாக ஊரவர்க்கு எடுத்துரைத்து வந்த பெரியவர் ஒருவர் அன்று இளைப்பாறினார்.

1979ஆம் ஆண்டில் வந்த உணவு முத்திரைத் திட்டம் நடைமுறையில் இருந்த நாளில் அவர் அந்தக் கதிரையில் அமர்ந்தார். 1995இல் சமுர்த்திச் சட்டம் வந்தது. 2023இல் அஸ்வெசும வந்தது. ஒவ்வொரு திட்டத்துக்கும் புதிய படிவமும் புதிய விதியும் இருந்தன. அத்தனையையும் அவர் ஒரு மாணவனைப் போலிருந்து கற்றார்.

அவரிடம் நாம் கற்ற பாடமொன்றை இங்கு சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எம் அயலில் வாழ்ந்த ஒருவர் இறந்துபோனார். பட்டணத்துக் கடையொன்றிலே பதினேழு ஆண்டுகள் உழைத்தவர். முதலாளி ஈமச் செலவுக்குச் சிறிது பணம் கொடுத்து, அத்துடன் கணக்கு முடிந்ததென்றார். அவருடைய மனைவி எம்மிடம் வந்து, “மாஸ்டர், ஒரு கடிதம் எழுதித் தாருங்கள்” என்றார். நாம் பட்டதாரியல்லவா! ‘ஏழைக் கைம்பெண்ணாகிய அடியாள்மீது கருணை கூர்ந்து’ என்று தொடங்கி, கல்லுங் கரையும்படி ஒரு மனு வரைந்து, உரிய கந்தோருக்கு அனுப்புவித்தோம். ஆறு மாதமாகியும் மறுமொழி வரவில்லை.

பின்னர் அந்த மனுவின் பிரதியுடன் பெரியவரிடம் சென்றோம். அவர் அதை முழுவதும் படித்தார். பின் சிவப்புப் பேனாவை எடுத்து, ‘ஏழை’ என்பதையும் ‘கருணை கூர்ந்து’ என்பதையும் வெட்டினார். “மாஸ்டர், தமிழ் நன்றாயிருக்கிறது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த திகதி எங்கே? சம்பளம் எவ்வளவு? எந்தச் சட்டத்தின்படி கேட்கிறோம்?” என்றார். எம்மிடம் விடையில்லை.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தை அவர் எமக்கு விளக்கினார். கடையிலே ஒருவர் மட்டுமே வேலை செய்தாலும் அச்சட்டம் பொருந்தும். சம்பளத்தில் நூற்றுக்கு 8 தொழிலாளியின் பங்கு, நூற்றுக்கு 12 முதலாளியின் பங்கு. தொழிலாளி இறந்தால் அது அவர் நியமித்தவருக்கோ உரித்தாளருக்கோ சேர வேண்டும். புதிய கடிதம் அரைப் பக்கத்துக்குள் அடங்கிற்று. அது பதிவுத் தபாலிற் சென்றது. விசாரணை நடந்தது. இரண்டு ஆண்டுகள் சென்றன. ஆயினும் பணம் வந்தது.

பிரியாவிடையன்று அவர் இத்தகைய வெற்றிகளைப் பேசுவார் என்று எதிர்பார்த்திருந்தோம். அவரோ கைகூடாத ஒன்றையே சொன்னார். அஸ்வெசுமப் பட்டியலில் தம் பெயர் விடுபட்ட ஒரு தாய், மேன்முறையீட்டுக்குரிய காலம் முடிந்த பின்னரே அவரிடம் வந்தாராம். ஏன் முன்னரே வரவில்லை என்று கேட்டதற்கு, “பிச்சை கேட்கிறாள் என்று சனம் சொல்லுமே, ஐயா” என்றாராம். இதைச் சொல்லும்போது பெரியவரின் குரல் தழுதழுத்தது. “அந்த வெட்கத்தை நாற்பது வருடத்தில் என்னால் முற்றாகத் துடைக்க முடியவில்லை” என்று கூறி அமர்ந்துவிட்டார்.

எம் மனம் சுட்டது. அந்த வெட்கத்துக்கு எழுத்து வடிவம் கொடுத்தவர்களுள் நாமும் ஒருவரன்றோ! வகுப்பிலே ‘தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்’ என்று முடியும் விண்ணப்பங்களுக்கே புள்ளி வழங்கி வந்திருக்கிறோம். பணிவு நற்குணமே. ஆனால் சட்டம் தந்த ஒன்றைக் கேட்பதற்குக் கூனிக்குறுக வேண்டியதில்லை என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

இல்லத்தரசிகளே, அவர் எல்லோர்க்கும் சொல்லிவந்த மூன்று விடயங்களை உங்கள் வீட்டு நாட்காட்டியின் பக்கத்தில் எழுதி வையுங்கள். அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பிரதியும் தபாற் பற்றுச்சீட்டும் வைத்திருங்கள். ‘இல்லை’ என்று சொல்பவரிடம் அதைக் காரணத்துடன் எழுத்திலே கேளுங்கள்; 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத் துணைநிற்கும். மேன்முறையீட்டின் இறுதித் திகதியை முதலில் பாருங்கள். அழுவதைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.

பெரியவரின் கதிரைக்கு இன்னும் எவரும் வரவில்லை. சம்பளம் சிறிது, படிக்க வேண்டியதோ பெரிது. சனிக்கிழமைகளில் அந்த அறையைத் திறந்து வைக்க நாம் சம்மதித்திருக்கிறோம். முதல் இரண்டு கிழமையும் பெரியவர் பக்கத்திற் கதிரை போட்டு அமர்ந்து, எம் கடிதங்களைத் திருத்தினார். சிவப்புப் பேனாவுக்கு இன்னமும் வேலை இருக்கிறது.