இரவல் மனையில் எத்தனை நாள்?

ஒரு மொழி நூல்களில் மட்டும் வாழ்வதன்று. அதனைப் பேசுவோர் கூடும் மன்றங்களிலும் வாழ்வது. மன்றம் ஊர்ப்பொதுவாயின், அங்கெழும் குரல் எவர்க்கும் அஞ்ச வேண்டுவதில்லை. மன்றமே தனியொருவனின் முற்றமாயின், அவன் கதவடைக்கும் நேரமே பேச்சு முடியும் நேரமுமாகும். நிலத்தின்மேல் இவ்வெளிய உண்மையை நன்கறிந்த மக்கள், இணையத்துள் புகுந்த அளவில் அதனை அறவே மறந்துபோயினர்.

இற்றை நாளில் தமிழர் எழுதுவனவும் பேசுவனவும் எங்கே குவிகின்றன? முகநூலிலும் புலனத்திலும், வலையொளியிலும், எக்சு எனப் பெயர் மாறிய துவிட்டரிலும்! பாட்டும் கட்டுரையும், ஊர்க்குறையும் போராட்ட அழைப்பும், இறந்தார்க்கு எழுதிய இரங்கலும் ஆகிய அனைத்தும் அமெரிக்க நிறுவனங்கள் மூன்றின் வழங்கிகளில் அடைந்து கிடக்கின்றன. வாடகை கேளாத வீடென்று மகிழ்கின்றனர் குடியிருப்போர். வாடகை கேளாதவன் வள்ளல் அல்லன். குடியிருப்போரின் விருப்பையும் வெறுப்பையும் அளந்து, அவ்வளவையைக் கொண்டு விளம்பரம் விற்பவன். அங்கே விற்பனைப் பொருள் எது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதை தமிழர்க்குப் பழமொழி. இணையத்தில் அக் கதை பன்முறை நிகழ்ந்துவிட்டது. எளிய மக்கள் தம் கையால் கட்டிய எண்ணற்ற பக்கங்களைத் தாங்கியிருந்த சியோசிட்டீசை யாகூ நிறுவனம் 2009-இல் அமெரிக்காவில் மூடியது. கூகுள் நிறுவனம் தன் ஆர்க்குட்டை 2014-இலும், கூகுள் பிளசை 2019-இலும் மூடியது. யாகூ குழுமங்களின் பழைய மடல்கள் அழிக்கப்படும் என்று 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. 2020 திசம்பரில் குழுமங்களே இல்லையாயின. கணினியில் தமிழை ஏற்றுவதற்கு உலகெங்குமிருந்த தமிழன்பர்கள் நிகழ்த்திய சொற்போர்கள் பல அத்தகைய மடற்குழுக்களில் நடந்தவை. ஓலைகளைக் கரையான் தின்றதற்கு வருந்துகின்ற இனம், இக் கரையானுக்குத் தானே கதவு திறந்துவிட்டது.

மூடப்படுவது மட்டுமன்று, விற்கப்படுவதும் இடரே. துவிட்டரை 2022 அக்டோபரில் எலான் மசுக்கு 4,400 கோடித் தாலருக்கு வாங்கினார். அங்குப் பேசிக்கொண்டிருந்த மக்களை எவரும் ஒரு சொல் கேட்டிலர். அவ்வாண்டு திசம்பரில், மாசுடடான் முதலான பிற தளங்களின் முகவரிகளை அங்கு வெளியிட்டுப் பரப்புதல் கூடாதெனத் தடை பிறந்தது. எதிர்ப்பு வலுத்ததால் ஓரிரு நாளில் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. 2023 சனவரியில் பிறர் உருவாக்கிய துவிட்டர்ச் செயலிகள் முன்னறிவிப்பின்றி அறுத்தெறியப்பட்டன. நிலக்கிழான் மாறினால் நிலத்தோடு குடிகளும் கைமாறுகின்ற பழைய கொடுமையன்றோ இது?

இக் கேட்டின் வேரை 40 ஆண்டுகட்கு முன்னரே கண்டவர் இரிச்சர்டு சுடால்மன். மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகத்தில் பணியாற்றிய அவர்க்கு, அச்சுப்பொறி ஒன்றனை இயக்கும் மென்பொருளின் மூலநிரல் மறுக்கப்பட்டது. பொறியின் பழுதை நீக்கும் அறிவிருந்தும், நீக்கும் உரிமை இல்லை! 1983-இல் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எந்நோக்கிற்கும் இயக்குதல், அதன் உள்ளமைப்பை ஆய்ந்து மாற்றுதல், படியெடுத்துப் பிறர்க்கு வழங்குதல், மாற்றியதனையும் பரப்புதல் ஆகிய நான்கு உரிமைகளே கட்டற்ற மென்பொருளின் இலக்கணம். 1989-இல் வெளிவந்த குனூ பொதுமக்கள் உரிமம் இவ்வுரிமைகளைப் பெறுவோர் பிறர்க்கு மறுக்கவொண்ணாதபடி வேலியிட்டது. பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்டுசு 1991-இல் தொடங்கிய இலினக்சு அவ்வேலிக்குள் வளர்ந்தது. 2017 நவம்பர் முதல், உலகின் விரைவுமிக்க 500 மீக்கணினிகளின் பட்டியலில் உள்ளவை அனைத்தும் இலினக்சு வழி இயங்குவன.

ஆயின், மூலநிரல் திறந்திருப்பது மட்டும் போதுமோ? போதாது. கூகுளும் முகநூலும் தத்தம் வழங்கிகளை இலினக்சின் மேல்தான் ஓட்டுகின்றன. பொதுக்கல் கொண்டு தனிச் சிறை கட்டுவாரும் உளர். ஆகலின் கல்லோடு காணியும் பொதுவாதல் வேண்டும்.

அதற்கு வழி மின்னஞ்சலிலேயே உள்ளது. ஒரு நிறுவனத்தின் முகவரியிலிருந்து வேறொரு நிறுவனத்தின் முகவரிக்கு மடல் தடையின்றிச் செல்கின்றது. பொதுவான நெறிமுறை ஒன்று இருப்பதே அதற்குக் கரணியம். முகநூலில் ஒருவர் எழுதியதற்கு எக்சிலிருந்து மறுமொழி எழுதுதல் இயலுமா? இயலாது, தொழில்நுட்பம் இடந்தராமையால் அன்று, உடையவர் விரும்பாமையால்! செருமனியில் ஓய்கன் உரோச்சுகோ 2016-இல் வெளியிட்ட மாசுடடான் இச் சுவரை இடித்தது. அது தனியொரு தளமன்று. எவரும் தம் வழங்கியில் நிறுவிக்கொள்ளத்தக்க கட்டற்ற மென்பொருள். ஒரு வழங்கியில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவரோடு உரையாடலாம். ஒன்று பிடிக்காவிடின், தம்மைப் பின்தொடர்வோரை உடன்கொண்டு வேறொன்றிற்குக் குடிபெயரலாம். இவ்வழங்கிகளை இணைக்கும் ஆக்டிவிட்டிபப் எனும் நெறிமுறை 2018 சனவரியில் உலகளாவிய வலைத்தரமாக ஏற்கப்பட்டது. செருமனியின் நடுவணரசுத் தரவுக்காப்பு ஆணையம் 2020-இலேயே அரசு அலுவலகங்களுக்கெனத் தனி மாசுடடான் வழங்கி ஒன்றனை நிறுவியது. செல்வமும் ஆற்றலும் மிக்க அரசே இரவல் மனையை நம்பாதபோது, எளிய இனங்கள் நம்புவது அறிவுடைமையாகுமா?

அரசுகளின் அடக்குமுறைக்கும் இவ்வொருமுகக் குவிப்பே துணை. வாயில்கள் நான்கே உடைய கோட்டையை அடைப்பது காவலர்க்கு எளிது. இலங்கையில் 2019 ஏப்பிரல் குண்டுவெடிப்புகளை அடுத்தும், 2022 ஏப்பிரலில் மக்கள் எழுச்சியின்போதும் முகநூல், புலனம் முதலியன அடைக்கப்பட்டன. ஒருசில பெயர்கள் அடங்கிய ஆணையே நாட்டின் வாயை மூடப் போதுமானதாயிற்று. தூத்துக்குடியில் 2018 மே மாதத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்த பின்னரோ, அம் மாவட்டத்திலும் நெல்லை, குமரி மாவட்டங்களிலும் இணையமே துண்டிக்கப்பட்டது. இணைப்பையே அறுக்கும் அரசினை எம் மென்பொருளும் தடுக்கமாட்டாது; அதற்கு மக்கட் போராட்டமே மருந்து. ஆயினும், வாயில்கள் ஆயிரமாயின், ஒவ்வொன்றாய்த் தேடி அடைப்பது அரும்பாடு.

இனி, எதிர்ப்போர் கூற்றுகளை ஆய்தல் வேண்டும். தலைவனில்லாத் தளம் கயவர்க்குப் புகலிடமாகும் என்பர் சிலர். காப் எனும் வெறுப்புத் தளம் 2019-இல் மாசுடடான் நிரலைக் கைக்கொண்டபோது, பிற வழங்கிகள் பலவும் அதனோடு தொடர்பறுத்தன. ஊர்தோறும் ஊரார் இருப்பதே காவல்; தலைவனில்லாமை நெறியில்லாமை அன்று.

திறந்த நிரல் திருடர்க்கு வழிகாட்டும் என்பர் வேறு சிலர். 2014-இல் ஓப்பன்எசுஎசுஎல் எனும் கட்டற்ற மென்பொருளில் பெரும் ஓட்டை ஒன்று வெளிப்பட்டது மெய்யே. நிரல் திறந்திருந்ததால் வெளியார் அதனை ஆய முடிந்தது. திருத்தமும் உடனே வெளிவந்தது. அந் நிகழ்ச்சி உணர்த்திய பாடம் வேறு. உலகப் பெருநிறுவனங்கள் பல பயன்படுத்திய அம் மென்பொருளைப் பேணியவர் மிகச் சிலரே. அவர்க்குக் கிடைத்த பொருளுதவியோ மிகச் சிறிது. கட்டற்றது என்பது செலவற்றது அன்று. பொதுக்கிணற்று நீரை மொண்டு குடித்துவிட்டுத் தூர்வாரும் நாளில் ஒளிந்துகொள்வார்க்குக் கிணற்றின்மேல் குறைசொல்லும் தகுதி இல்லை.

தமிழர்க்கு இவ்வழி புதிதுமன்று. 1990-களில் எழுத்துரு விற்போர் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு குறியேற்றம் வகுத்ததால், ஒருவர் தட்டெழுதிய தமிழ் மற்றவர் கணினியில் பொருளற்ற கிறுக்கலாய்த் தோன்றியது. அவ்விருளைப் பொதுத்தரமே நீக்கியது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி எவர்க்கும் கட்டணமின்றி வழங்குகின்றது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஒன்றரை இலக்கத்திற்கு மேற்பட்ட கட்டுரைகளோடு நிற்கின்றது; அதனை நடத்தும் அமைப்பு நாளை இல்லாதொழியினும், உள்ளடக்கத்தையும் நிரலையும் முழுமையாய்ப் படியெடுத்து வேறிடத்தில் எழுப்ப உரிமம் இடந்தருகின்றது. உரிமை மண் என்பது இதுவே.

ஆகவே, செய்யத்தக்கவை தெளிவு. தமிழ் மன்றங்களும் இதழ்களும் தம் படைப்புகளின் முதற்படியைத் தம் வலைத்தளத்திலேயே வைத்து, முகநூலுக்கு அறிவிப்பை மட்டும் விடுத்தல் வேண்டும். ஊர்தோறும் இயலாவிடினும், பத்து அமைப்புகள் கூடி ஒரு வழங்கியேனும் நடத்துதல் வேண்டும். அதற்குரிய பொருளை ஆண்டுச் சந்தாவாய்க் கொடுக்கவும் பழகுதல் வேண்டும். பள்ளிகளில் மாணவர் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே பயிலுமாறு ஆசிரியர் வழிசெய்தல் வேண்டும்.

சொல்லைத் தூய்மையாக்கப் பாடுபடுவோர், அச்சொல் தங்கும் இடத்தையும் தம்முடையதாக்கிக் கொள்ளக் கடமைப்பட்டோராவர். குடியிருப்போர் எழும் நாள் வரை, வீட்டுக்காரன் சொல்வதே சட்டம். எழுக!