பட்டியலில் விடுபட்டது

ராத்தாவின் நிக்காஹ்வுக்காக எங்கள் வீட்டில் நீண்ட பட்டியலொன்று எழுதினோம். உடுப்பு, நகை, சாப்பாடு, அழைப்பிதழ் எல்லாம் இருந்தன. ஆரோக்கியத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

குழந்தையின் மூளையும் முண்ணாணும் உருவாகும் குழாய், கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிவிடும். அப்போது பல பெண்களுக்குத் தாம் கர்ப்பமென்றே தெரியாது. அதனால்தான் தினமும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலத்தைக் கருத்தரிக்க முன்பே எடுக்கத் தொடங்கச் சொல்கிறார்கள். ருபெல்லா தடுப்பூசியைக் கர்ப்ப காலத்தில் போட முடியாது. அதுவும் முன்பே போடவேண்டியது. கணவன், மனைவி இருவருமே தலசீமியாவைக் காவுபவர்களாயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்நோய் வர நான்கில் ஒரு வாய்ப்புண்டு. சொந்தத்துக்குள் சம்பந்தம் செய்யும் நாம் இதை மறக்கலாமா?

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் புதுமணத் தம்பதியருக்கென்றே சேவை உண்டு. பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டாலே வழி சொல்வார். நாமோ, "பிள்ளை தங்கட்டும், பிறகு பார்ப்போம்" என்கிறோம். பெண்ணை மட்டும் அனுப்புவதும் நியாயமில்லை. இரத்தப் பரிசோதனை மாப்பிள்ளைக்கும்தான்.

பெற்றோரே, மஹர் பேசும் நாளிலேயே இதையும் பேசுங்கள். நம் வெட்கத்தின் விலையைப் பிறக்கப்போகும் பிள்ளை கொடுக்கக்கூடாது.