கடனாளிக்கும் ஒரு வழக்கறிஞர் வேண்டும்

2022 ஆம் ஆண்டு ஏப்ரல் 12 ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அரசு உலகறிய அறிவித்தது. அடுத்த மாதமே சட்ட ஆலோசனைக்குக் கிளிஃபர்ட் சான்ஸ் நிறுவனத்தையும், நிதி ஆலோசனைக்கு லாசார்ட் நிறுவனத்தையும் அது அமர்த்திக்கொண்டது. கடன் கொடுத்தோரும் வாளாவிருக்கவில்லை. ஹமில்டன் ரிசேர்வ் வங்கி அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நியூயோர்க் நீதிமன்றத்தில் இலங்கைமீது வழக்குத் தொடுத்தது. இரு தரப்பிலும் கடன்சட்டத்தையே வாழ்நாட்தொழிலாகக் கொண்ட வல்லுநர்கள் நின்றார்கள். இதனை நாம் குறைகூறவில்லை. கடன் கொடுத்தவனுக்கும் பட்டவனுக்கும் இடையே சட்டம் நின்று பேசுவது நாகரிகத்தின் அடையாளமேயாகும். நாம் கேட்பது ஒன்றே: நாடு கடன்பட்டால் வழக்கறிஞர் வருகிறார், மாவடிப்பள்ளி உழவன் கடன்பட்டால் வருபவர் யார்?

மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, காரைதீவுப் பகுதி வயல்களின் கணக்கு எவரும் அறிந்ததே. விதைநெல், உரம், உழவுக்கூலி, அறுவடை இயந்திரக் கூலி எனச் செலவு முன்னே செல்கிறது. வரவோ நெல் விற்ற பின்னரே வருகிறது. இடைப்பட்ட மாதங்களைக் கடனே நிரப்புகிறது. 2021 ஆம் ஆண்டில் அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. 2024 நவம்பரில், மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவரின் உயிரையே பறித்த பெருவெள்ளம் வந்தது. இவை உழவன் செய்த பிழைகளா? அல்லவே! ஆயினும் தவணை தவறியவன் அவன் என்றுதான் கடன் ஏடு சொல்கிறது.

கடன்பத்திரம் எழுதப்படும் முறையிலேதான் பேராபத்து ஒளிந்திருக்கிறது. ஈடு என்று வாயாற் பேசி, அறுதி உறுதியாகக் கையொப்பம் வாங்கும் வழக்கம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. குறித்த தவணைக்குள் பணம் கட்டினால் காணியை மீட்கலாம் என்ற நிபந்தனை எழுத்தில் இருந்தாலும், தவணை கடந்ததும் காணி கடன் கொடுத்தவனுடையதாகிவிடுகிறது. வாய்வார்த்தை மட்டுமே இருந்தாலோ, அதை நிறுவுவது அரும்பாடு. உறுதி முடித்த பின்பு வழக்கறிஞரைத் தேடிச் செல்வது, வெள்ளம் வந்த பின்பு வரம்பு கட்டுவது போன்றதே.

சட்டத்தில் வழியே இல்லையா? உண்டு. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, உழவனின் தொழிற்கருவிகளையும், பிழைப்புக்குத் தேவையென நீதிமன்றம் கருதும் மாடுகளையும் விதைநெல்லையும் தீர்ப்புக்கடனுக்காகக் கைப்பற்றலாகாது என்கிறது. கொடிய நிபந்தனையுடைய வட்டிக் கடனை மீள ஆராயும் அதிகாரத்தை 1918 ஆம் ஆண்டின் சட்டம் நீதிமன்றத்துக்கு அளித்தது. 1941 ஆம் ஆண்டின் கடன் இணக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அமைந்த சபை, மீட்பு நிபந்தனையுடன் கைமாறிய காணிகளைப் பற்றியும் இரு தரப்பையும் அழைத்து இணக்கம் காண முயலலாம். ஆனால் மீட்புத் தவணை முடியுமுன்பே மனுச் செய்யவேண்டும். இந்த ஒரு விதியை அறியாமையால் காணி இழப்போர்க்கு எந்தச் சட்டப் புத்தகம் ஆறுதல் சொல்லும்?

கடன் கொடுத்தவனைப் பகைவனாகக் காட்டுவது நம் நோக்கமன்று. கல்முனையில் உரத்தைக் கடனுக்குக் கொடுத்த சிறு வியாபாரியும் கடன் கொடுத்தவனே. அவன் பணம் திரும்பாவிடின் அவன் கடையும் மூடப்படும். கொடுத்த கடன் மீளும் என்ற நம்பிக்கை அற்றுவிடின், அடுத்த போகத்துக்கு எவன் கடன் கொடுப்பான்? 1853 ஆம் ஆண்டின் வங்குரோத்துக் கட்டளைச் சட்டத்தின் உட்கருத்தும் இதுவே: உள்ள உடைமையைக் கடன் கொடுத்தோர் அனைவருக்கும் விகிதப்படி பங்கிடுவது, நேர்மையாக நொடித்தவனுக்கு நீதிமன்றச் சான்றிதழுடன் புதுவாழ்வு அளிப்பது. இடர்ப்பட்ட கடனாளிக்கு அவகாசம் கொடுக்குமாறு திருக்குர்ஆன் பணிப்பதும் இந்த அறத்தையே.

வங்கிகளின் நிலை வேறு. நீதிமன்றம் செல்லாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கும் உரிமையை 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் அவற்றுக்கு அளித்தது. பராட்டே என்று மக்கள் அறிந்தது இதுவே. 2011 ஆம் ஆண்டுத் திருத்தம் ஐம்பது இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடன்களை இதிலிருந்து விலக்கியது. 2024 ஆம் ஆண்டில் இவ்வதிகாரம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, அந்நிறுத்தம் 2025 ஆம் ஆண்டின் முற்பகுதிவரை நீடிக்கப்பட்டது. ஏலத்தைத் தள்ளிவைப்பது மூச்சுவிட இடம் தருமேயன்றிக் கடனைத் தீர்க்காது. அந்த இடைவேளையில் கணக்கைச் சரிபார்த்து, தவணையை மாற்றியமைத்து, உடன்படிக்கை எழுதுவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் வழக்கறிஞர்.

நம் கரையோர ஊர்களிலிருந்து சட்டக் கல்லூரி செல்லும் இளைஞர் பலர். காணி வழக்கும் குற்ற வழக்குமே தொழிலென்று அவர்கள் எண்ணுகின்றனர். கடன்சட்டத்தைத் தனித்துறையாகக் கற்போர் அருகியே காணப்படுகின்றனர். கொழும்பு வங்கிகளுக்கு இத்துறை வல்லுநர் கிடைக்கின்றனர், உழவனுக்குக் கிடைப்பதில்லை. இந்தச் சமனின்மை நீங்கவேண்டும்.

ஆகவே நாம் வலியுறுத்துவன மூன்று. கடன் இணக்கச் சபை கல்முனையில் முறையாக அமர்ந்து தமிழிலேயே விசாரிக்கவேண்டும். 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, விதைப்புக்கு முன்பே ஊர்தோறும் கடன் ஆலோசனை நடத்தவேண்டும். நம் வழக்கறிஞர்கள் மாதத்தில் ஒரு நாளையேனும் இப்பணிக்கு ஒதுக்கவேண்டும்.

உழவர் பெருமக்களுக்கும் ஒரு சொல்: படித்துக் காட்டாத உறுதியில் கையொப்பமிடாதீர்கள். வழக்கறிஞரை நாடவேண்டிய நாள் ஏல அறிவித்தல் வரும் நாளன்று; பேனாவைக் கையில் எடுக்கும் நாளே அது.